எண்ணில்லாத மன்னர்கள்

முதலாம் இராஜராஜன் தன்னை 'முதலாம் இராஜராஜன்' என்று ஒருநாளும் அழைத்துக்கொண்டதில்லை. அவனுக்குப் பின் அதே பெயரில் இருவர் அரியணை ஏறுவார்கள் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? ஆனால் இரண்டாம் இராஜராஜனும் மூன்றாம் இராஜராஜனும்கூடத் தம்மை 'இரண்டாம்', 'மூன்றாம்' என்று எங்கும் குறித்துக்கொள்ளவில்லை. தமக்கு முன்னர் அப்பெயரில் ஒருவன் ஆண்டு மறைந்தது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும், பிற்காலச் சோழர் நானூறாண்டு காலத்தில் பொறித்த ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளில் அரசன் பெயருக்கு முன் வரிசை எண் இடும் வழக்கமே இல்லை.

வகுப்பில் பிற்காலச் சோழர் வரலாற்றைத் தொட நேரும்போதெல்லாம் மாணவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "அப்படியானால் இந்த எண்களை யார் கொடுத்தது? எதை வைத்துக் கொடுத்தார்கள்?" எளிய கேள்விதான். அதற்கு விடை தேடப் புகுந்தால், கோயில்களின் காலம், நூல்களின் காலம், ஒரு கொலை வழக்கின் காலம் என்று நாம் உறுதியாக நம்பிக்கொண்டிருக்கும் பலவும் சில அடைமொழிகளின்மீது நிற்பது தெரியவரும். நண்பர்களோடு அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரன்

தமிழில் மகனின் மகனைப் 'பேரன்' என்கிறோம். 'பெயரன்' என்பதே இச்சொல்லின் மூலவடிவம். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இன்றும் நம் குடும்பங்களில் உண்டு. அரச குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. பல்லவர் வரிசையைப் பாருங்கள்: மகேந்திரவர்மன், அவன் மகன் நரசிம்மவர்மன், அவன் மகன் மீண்டும் மகேந்திரவர்மன், அவன் மகன் பரமேசுவரவர்மன், அவன் மகன் மீண்டும் நரசிம்மவர்மன், அவன் மகன் மீண்டும் பரமேசுவரவர்மன். ஆறு தலைமுறைக்கு மூன்றே பெயர்கள்.

இவ்வழக்கத்தின் விளைவு என்னவெனில், ஒரு மரபு நூறு ஆண்டுகள் நிலைத்துவிட்டால் ஒரே பெயரில் பலர் வந்துவிடுகிறார்கள். இவர்களைப் பிரித்தறிய வேண்டிய தேவை நமக்கு மட்டுமல்ல, அக்காலத்தவர்க்கும் இருந்தது. கோயிலுக்கு நிலம் விட்ட மன்னன் யார் என்பதில் குழப்பம் வந்தால் நிலம் கைவிட்டுப் போகும். எனவே அவர்கள் ஏதோ ஒரு முறையைக் கையாண்டிருக்கத்தான் வேண்டும். அது எண்ணாக மட்டும் இருக்கவில்லை.

துஞ்சிய இடம்

சங்க இலக்கியம் பயின்றவர்க்கு அந்த முறை புதிதன்று. புறநானூற்றுப் பாடல்களின் அடியில் தொகுத்தவர்கள் தந்த குறிப்புகளில் மன்னர் பெயர்கள் எப்படி வருகின்றன? சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் ஒருவன். இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் வேறொருவன். கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி, வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்று வழுதியருள் பிரிவு. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்றும் குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன் என்றும் சோழருள் பிரிவு. துஞ்சுதல் என்றால் உறங்குதல்; இங்கே இறத்தல் என்பதன் மங்கல வழக்கு. ஒரே பெயருடையோரை அவர்கள் கண்மூடிய இடத்தைக் கொண்டு வேறுபடுத்தியிருக்கிறார்கள்.

செயலைக் கொண்டு வேறுபடுத்துவது இன்னொரு முறை. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் ஒருவன். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் மற்றொருவன். நவீன வரலாற்று நூலொன்று இவர்களை 'முதலாம் நெடுஞ்செழியன்', 'இரண்டாம் நெடுஞ்செழியன்' என்று எழுதக்கூடும். இடம் மிச்சமாகும். ஆனால் யார் எந்தப் போரால் அறியப்பட்டான் என்ற செய்தி அதில் மறைந்துபோகும்.

சங்ககாலத்துக்கும் பிற்காலச் சோழருக்கும் இடையே பல நூற்றாண்டு இடைவெளி. இருந்தும் இந்த முறை அப்படியே தொடர்வதைக் கல்வெட்டுகளில் காண்கிறோம். முதலாம் ஆதித்தன் 'தொண்டைமான் ஆற்றூர்த் துஞ்சின தேவர்'. காளத்திக்கு அருகிலுள்ள அவ்வூரில் அவனுக்காக மகன் பராந்தகன் எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில் இருக்கிறது. அரிஞ்சயன் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்'. அவனுக்குரிய பள்ளிப்படையை மேல்பாடியில் எழுப்பியவன் அவனுடைய பேரனான முதலாம் இராஜராஜன். சுந்தர சோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. கொப்பத்துப் போர்க்களத்தில் 1054இல் யானைமீதிருந்தபடியே உயிர்நீத்த முதலாம் இராஜாதிராஜன் 'யானைமேல் துஞ்சின தேவர்'. கண்டராதித்தன் 'மேற்கெழுந்தருளின தேவர்'. சிவஞானச் செல்வனான அம்மன்னனுக்கு மட்டும் 'துஞ்சின' என்ற சொல் இன்றி இப்படியொரு பெயர் அமைந்ததைப் பற்றி அறிஞர்கள் பலவாறு கருதியிருக்கிறார்கள்.

இப்பெயர்களில் ஒரு நுட்பம் உண்டு. இவை அரசன் இறந்த பிறகே பயன்படக்கூடியவை. வாழும் அரசனை அவன் குடிகள் எப்படிக் குறித்தார்கள்? அங்கேதான் சோழரின் இரட்டைப் பட்டங்கள் வருகின்றன.

இராஜகேசரியும் பரகேசரியும்

சோழர் கல்வெட்டு ஒன்றின் தொடக்கம் பொதுவாக இப்படி இருக்கும்: மங்கலச்சொல், பிறகு 'கோப்பரகேசரி பன்மற்கு யாண்டு' அல்லது 'கோவிராஜகேசரி பன்மற்கு யாண்டு', பிறகு ஓர் எண். 'பன்மர்' என்பது வர்மர் என்பதன் தமிழ் வடிவம். எண் இங்கே உண்டு என்பதைக் கவனியுங்கள். ஆனால் அது அரசனின் வரிசை எண்ணன்று. அவன் ஆட்சியில் அது எத்தனையாவது ஆண்டு என்பதைக் காட்டும் எண்.

இராஜகேசரி, பரகேசரி ஆகிய இரண்டும் முடிசூடும்போது மாறிமாறி ஏற்கும் பட்டங்கள். தந்தை பரகேசரி என்றால் அடுத்து வருபவன் இராஜகேசரி. சோழர் செப்பேடுகள் கூறும் புராண முன்னோர் வரிசையிலும் இவ்விரு பெயர்கள் இடம்பெறுகின்றன. விஜயாலயன் பரகேசரி, முதலாம் ஆதித்தன் இராஜகேசரி, முதலாம் பராந்தகன் பரகேசரி, கண்டராதித்தன் இராஜகேசரி, அரிஞ்சயன் பரகேசரி, சுந்தர சோழன் இராஜகேசரி என்று தறியின் நாடாவைப்போல் இது இங்குமங்கும் செல்கிறது.

இதன் பயனும் இடரும் ஒரே இடத்தில் உள்ளன. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த கோயிற்சுவர் ஒன்றில் 'கோப்பரகேசரி பன்மற்கு யாண்டு 5' என்று மட்டும் இருந்தால் அது யாருடைய ஐந்தாம் ஆண்டு? விஜயாலயன், முதலாம் பராந்தகன், இரண்டாம் ஆதித்தன், உத்தம சோழன் ஆகியோர் யாவரும் பரகேசரிகளே. விஜயாலயன் ஏறத்தாழ 850இல் ஆளத் தொடங்கியவன். உத்தம சோழனின் ஆட்சி 985இல் முடிகிறது. ஆக, ஒரு கோயிலின் வயதில் நூறாண்டுக்கும் மேற்பட்ட வேறுபாடு இந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. கலைவரலாற்று நூல்களில் ஒரே கோயிலை ஒருவர் முற்சோழர் தொடக்கக் காலத்ததென்றும் மற்றவர் செம்பியன் மாதேவி காலத்ததென்றும் எழுதுவதை நீங்கள் கண்டிருக்கலாம். பெரும்பாலும் சண்டை இந்தப் பரகேசரி யார் என்பதில்தான் தொடங்கியிருக்கும்.

அடைமொழி ஒன்று சேர்ந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும். 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்றால் அது முதலாம் பராந்தகன்தான். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளை 919, 921 என்று நாம் துணிந்து சொல்வதற்கு, அவை மதிரை கொண்ட கோப்பரகேசரியின் 12, 14ஆம் ஆண்டுகளைக் குறிப்பதே காரணம். 'மதிரை கொண்ட' என்ற இரு சொற்கள் சிதைந்திருந்தால் ஊராட்சி வரலாற்றில் நாம் இத்தனை பெருமையோடு எடுத்துக்காட்டும் சான்று காலம் தெரியாது தவித்திருக்கும். 'மதுரை கொண்ட கோவிராஜகேசரி' என்று வந்தால் அது பராந்தகன் அல்லன், அவன் பேரன் சுந்தர சோழன். 'வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' என்றால் சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன்.

அடைமொழி இல்லாதபோது எழுத்தமைதி, கொடையாளர்களின் பெயர்கள், அதே கோயிலின் பிற கல்வெட்டுகள், கிழமை, திதி, விண்மீன் முதலிய வானியற் குறிப்புகள் ஆகியவற்றையே நம்ப வேண்டியிருக்கிறது. எவையும் கிட்டாதபோது 'கோப்பரகேசரி' என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மையான ஆய்வாளர் செய்யும் காரியம்.

உடையார்குடிக் கல்வெட்டு

இந்தப் பட்டங்கள் வெறும் அலங்காரமல்ல என்பதற்குக் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டைவிடச் சிறந்த சான்று இல்லை. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் அனைவரும் அறிந்த செய்தி அது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளான சோமன், இரவிதாசனாகிய பஞ்சவன் பிரமாதிராயன், பரமேசுவரனாகிய இருமுடிச்சோழ பிரமாதிராயன் முதலியோரும் அவர்களைச் சேர்ந்தோரும் இழந்த உடைமைகள் பற்றிய அரச ஆணையை அது குறிப்பிடுகிறது. அதன் காலம் 'கோவிராஜகேசரி பன்மற்கு யாண்டு 2'.

'இராஜராஜன்' என்ற பெயர் அதில் இல்லை. அப்படியிருக்க, அது முதலாம் இராஜராஜனின் இரண்டாம் ஆண்டு என்று எவ்வாறு முடிவு செய்தார்கள்? கொலைக்குப் பிறகே இவ்வாணை பிறந்திருக்க முடியும். ஆதித்தன் இறந்தபோது ஆட்சியில் இருந்த சுந்தர சோழன் இராஜகேசரிதான். ஆனால் அவனுடைய இரண்டாம் ஆண்டு எப்போதோ கழிந்துவிட்டது. அவனுக்குப் பின் வந்த உத்தம சோழன் பரகேசரி. எனவே அடுத்த இராஜகேசரியான இராஜராஜனே எஞ்சுகிறான். அவன் 985இல் பட்டமேறியவன் ஆதலால் இக்கல்வெட்டு 986-87ஐச் சேர்ந்தது.

இம்முடிவு வந்தவுடன் அடுத்த கேள்வி தானே எழுகிறது. கொலை நடந்தது ஏறத்தாழ 969இல். உத்தம சோழன் ஆண்ட பதினைந்து ஆண்டுக் காலத்தில் இவர்கள்மீது நடவடிக்கை இல்லையா? உத்தம சோழனுக்கு அக்கொலையில் தொடர்பு இருந்திருக்க வேண்டும் என்ற ஐயம் இதிலிருந்தே பிறந்தது. நீலகண்ட சாஸ்திரியார் அந்த ஐயத்தை எழுப்பினார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்வெட்டு தண்டனை வழங்கிய நாளைச் சொல்கிறதா, அல்லது முன்பே பறிக்கப்பட்ட நிலத்தின் பிற்காலக் கைமாற்றத்தைச் சொல்கிறதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஒரு மனிதன்மீது ஆயிரம் ஆண்டுகளாகக் கொலைப்பழி நிற்பதா நீங்குவதா என்பது, ஒரு பட்டத்தையும் ஓர் எண்ணையும் நாம் எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்திருக்கிறது.

மாறாத பட்டம்

கவனமாகப் படிப்பவர் இங்கே ஒரு தடங்கலைக் கண்டிருப்பார். ஆதித்த கரிகாலன் பரகேசரி; அவனுக்குப் பின் வந்த உத்தம சோழனும் பரகேசரி. பட்டம் ஏன் மாறவில்லை?

ஆதித்தன் தந்தை வாழும்போதே இளவரசனாக முடிசூடிப் பட்டமும் ஏற்றவன். தனியரசனாக அரியணை ஏறும் முன்பே மறைந்துவிட்டான். எனவே சுந்தர சோழன் என்னும் இராஜகேசரிக்கு நேராக அடுத்தவன் என்ற முறையில் உத்தம சோழன் பரகேசரி ஆனான். இதே நிகழ்ச்சி அடுத்த நூற்றாண்டில் மீண்டும் நடக்கிறது. இரண்டாம் இராஜேந்திரன் பரகேசரி. இளவரசுப் பட்டம் ஏற்ற இராஜமகேந்திரன் இராஜகேசரி. அவன் முந்தி மறைந்தான். அடுத்து வந்த வீரராஜேந்திரன் மீண்டும் இராஜகேசரியே ஆனான்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சோழ அவையின் கணக்கு நமக்குப் புரிகிறது. முழு உரிமையுடன் ஆண்டவர்களை மட்டுமே அது எண்ணியிருக்கிறது. இறந்துபோன இளவரசனின் பட்டம் வரிசையில் சேராது, அடுத்தவனுக்குப் போய்விடுகிறது. எண்ணைப் பெயரோடு ஒட்டவில்லையே தவிர, அவர்களும் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒன்று, இரண்டு என்ற இரு எண்களே கொண்ட கணக்கு அது.

மூன்றாம் இராஜேந்திரனாகாத குலோத்துங்கன்

இக்கணக்கை அரசியற் கருவியாகக் கையாண்டவன் முதலாம் குலோத்துங்கன். வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கிய மன்னன் இராஜராஜ நரேந்திரனின் மகன் அவன். தந்தையின் பெயரைப் பாருங்கள்: இராஜராஜ நரேந்திரன், முதலாம் இராஜராஜனின் மகள் குந்தவையின் வயிற்றில் பிறந்தவன்; தாய்வழிப் பாட்டனின் பெயரைத் தாங்கியவன். அவன் மணந்ததோ முதலாம் இராஜேந்திரனின் மகள் அம்மங்கையை. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்கு இட்ட பெயர் இராஜேந்திரன். இரு தலைமுறையாகத் தாய்வழிப் 'பெயரன்'கள்.

வீரராஜேந்திரனுக்குப் பின் அவன் மகன் அதிராஜேந்திரன் பரகேசரியாக முடிசூடிச் சில காலத்திலேயே மறைந்தான். 1070இல் சோழ நாட்டின் அரியணையில் அமர்ந்தவன் இந்தச் சாளுக்கிய இளவரசன். அவனுக்கு வேங்கி மரபிலும் பட்டங்கள் இருந்தன. அங்கும் விஷ்ணுவர்த்தனன், விஜயாதித்தன் என்று மாறிமாறி ஏற்கும் வழக்கம் உண்டு. ஆனால் தஞ்சை, கங்கைகொண்ட சோழபுர மண்ணில் அவன் ஏற்றது இராஜகேசரி என்ற பட்டத்தையே. பரகேசரியான அதிராஜேந்திரனுக்கு அடுத்தவன் இராஜகேசரியாகத்தானே இருக்க வேண்டும்? 'நான் வெளியிலிருந்து வந்தவனல்லன். இந்த வரிசையில் எனக்குரிய இடத்தில் நிற்பவன்' என்பதை அந்த ஒரு பட்டம் ஊரூராகச் சொன்னது. ஒவ்வொரு கோயிற்சுவரிலும் ஒவ்வொரு நிலக்கொடை ஆவணத்திலும் சொன்னது.

அவனுடைய தொடக்க ஆண்டுக் கல்வெட்டுகளில் பெயர் 'இராஜேந்திர சோழன்' என்றே வருகிறது. குலோத்துங்கன் என்ற பெயர் ஏறத்தாழ ஐந்தாம் ஆட்சியாண்டில்தான் நிலைபெறுகிறது. இதனால் கல்வெட்டுப் படிப்போர்க்கு ஒரு சோதனை. இராஜேந்திரன் என்ற பெயரைக் கண்டவுடன் கங்கையும் கடாரமும் கொண்டவன் என்று எண்ணிவிடக் கூடாது. கங்கை கொண்டவன் பரகேசரி. குலோத்துங்கனாக மாறப்போகிறவன் இராஜகேசரி. இடையே வரும் இரண்டாம் இராஜேந்திரனும் பரகேசரிதான். அவனைக் கல்வெட்டுகள் பெரும்பாலும் 'இராஜேந்திர தேவர்' என்று குறிக்கின்றன, 'இராஜேந்திர சோழ தேவர்' என்றல்ல. ஒரு சொல் கூடுவதிலும் குறைவதிலும் அடையாளம் இருக்கிறது.

வரலாற்றாசிரியர்கள் இவனுடைய முதற்பெயரைக் கணக்கிலெடுத்திருந்தால் இவன் மூன்றாம் இராஜேந்திரன் ஆகியிருப்பான். 1246 முதல் 1279 வரை ஆண்ட கடைசிச் சோழன் நான்காம் இராஜேந்திரன் ஆகியிருப்பான். அப்படி நேரவில்லை. அவன் தேர்ந்துகொண்ட பெயரையே வரலாறும் ஏற்றுக்கொண்டது. 'குலத்தை உயர்த்தியவன்' என்ற அப்பெயரின் பொருளை நினைத்துப் பாருங்கள். எந்தக் குலத்தை என்று அவன் சொல்லவில்லை. இரண்டு குலங்களுக்கும் அது பொருந்தியது.

முடிசூடும்போது பெயர் மாறுவது இவனோடு முடியவில்லை. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு தரும் செய்தி நெஞ்சை உருக்குவது. இரண்டாம் இராஜராஜன் மறையும் காலத்தில் அவன் பிள்ளைகளுக்கு வயது ஒன்றும் இரண்டும்தான். எனவே விக்கிரம சோழனின் பேரனான எதிரிலிப்பெருமாளைக் கொண்டுவந்து முடிசூட்டினார்கள். அவனே இரண்டாம் இராஜாதிராஜன். எதிரிலிப்பெருமாள் என்ற பிள்ளைப்பெயர் ஒரு கல்வெட்டின் தயவால் தப்பியிருக்கிறது. இப்படித் தப்பாமற் போன பெயர்கள் எத்தனையோ.

பாண்டியரும் யாழ்ப்பாணத்தரசரும்

சோழரின் இராஜகேசரி, பரகேசரி போலப் பாண்டியர்க்கு மாறவர்மன், சடையவர்மன். ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நிலைமை வேறு. ஒரே காலத்தில் பாண்டியர் பலர் நாட்டின் பல பகுதிகளில் ஆண்டனர். எல்லோரும் தம் ஆட்சியாண்டைத் தனித்தனியே எண்ணினர். சுந்தரன், வீரன், குலசேகரன், விக்கிரமன் என்று ஒரு சில பெயர்களையே திரும்பத் திரும்பச் சூடினர். முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் 1216இல் பட்டமேறியவன். 'சோணாடு வழங்கியருளிய' என்ற அடைமொழி அவனுக்குரியது. முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் 1251இல் பட்டமேறியவன். 'எம்மண்டலமும் கொண்டருளிய' என்பது அவன் அடைமொழி. இருவருமே 'முதலாம்' சுந்தரபாண்டியர்கள்! மேடைப் பேச்சாளர் பலர் இவர்களை ஒருவராக்கிப் பேசுவதில் வியப்பில்லை.

பாண்டியர் காலக்கணக்கை ஒழுங்குபடுத்த வானியல்தான் கைகொடுத்தது. கல்வெட்டில் வரும் மாதம், பக்கம், திதி, கிழமை, விண்மீன் யாவும் ஒருங்கே பொருந்தும் நாளைக் கணித்து, அதிலிருந்து அரசன் பட்டமேறிய ஆண்டைப் பெற வேண்டும். கீல்ஹார்ன் தொடங்கிய இப்பணியைச் சாமிக்கண்ணுப் பிள்ளை விரிவாகச் செய்தார். பின்னாளில் குடந்தை ந. சேதுராமன் பாண்டியர் கல்வெட்டுகளில் பெரிதும் உழைத்தார். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சுந்தரனோ குலசேகரனோ முளைத்தபோது எண்கள் இடம் மாறின. ஆகவே பழைய நூலொன்றில் 'இரண்டாம் சடையவர்மன்' என்று காணும்போது அதை அப்படியே இன்றைய நூலின் இரண்டாமவனோடு சேர்த்துவிடக் கூடாது. பட்டமேறிய ஆண்டைப் பார்த்தே ஒப்பிட வேண்டும்.

கடல் கடந்தும் இம்மரபு செழித்தது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற பட்டங்களை மாறிமாறிச் சூடினர். இதனால் இலக்கிய மாணவர்க்கு நேரடியான தொல்லை ஒன்றுண்டு. 'செகராசசேகரம்', 'பரராசசேகரம்' என்னும் மருத்துவ நூல்களும் 'செகராசசேகரமாலை' என்னும் சோதிட நூலும் அரசர் பட்டத்தையே பெயராகக் கொண்டவை. எந்தச் செகராசசேகரன்? எந்தப் பரராசசேகரன்? புரவலன் தன் புகழ் நிலைக்கட்டும் என்று பெயரைக் கொடுத்தான்; அது பலருக்கும் பொதுவான பெயராக இருந்தமையால் புகழ் யாருக்குச் சேர்வது என்றே தெரியவில்லை.

பட்டங்களின் காடு

பல்லவர் இதைவிடவும் தாராளமானவர்கள். மண்டகப்பட்டுக் குடைவரையில் மகேந்திரவர்மன் தன்னைக் குறிப்பது விசித்திரசித்தன் என்ற பட்டத்தால். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் இராஜசிம்மன் பொறித்த பட்டங்கள் இருநூறுக்கும் மேற்பட்டவை. மாமல்லபுரத்தில் தருமராஜ ரதத்திலும் கணேச ரதத்திலும் 'அத்யந்தகாமன்' என்ற பட்டம் வருகிறது. இப்பட்டம் நரசிம்மவர்மனுக்கு உரியதா, பரமேசுவரவர்மனுக்கா, இராஜசிம்மனுக்கா? மாமல்லபுரச் சின்னங்கள் பல மன்னர்களின் படைப்பு என்ற கருத்தை மறுத்து, அனைத்தும் இராஜசிம்மனுடையவையே என்று இரா. நாகசாமி 1962இல் வாதிட்டபோது இப்பட்டமும் அவ்வாதத்தின் நடுவே நின்றது. உலகம் வந்து பார்க்கும் கற்சிற்பங்களைச் செதுக்கச் செய்தவன் யார் என்பதே இன்றும் முற்றிலும் தீராத கேள்வியாக இருக்கிறது. அவன் தன் இயற்பெயரை எழுதியிருந்தால் போதும். அதைவிடப் பட்டமே அவனுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது.

எண்ணிட்டவர்கள்

இனி மாணவர்களின் கேள்விக்கு வருவோம். 1886இல் ஹூல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றார். 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி வெளிவந்தது. அவரும் வெங்கையா முதலிய நம்மவரும் கல்வெட்டுகளைப் படித்து அரசர்களை வரிசைப்படுத்திய காலத்தில், ஐரோப்பிய அரச மரபுகளுக்கு வழங்கிய எண்முறை இங்கும் வந்து சேர்ந்தது. நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறும் 1949 தொடங்கி வெளிவந்த சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்' நூலும் அதை நிலைநிறுத்தின.

எண்முறை பிறந்த நாட்டிலும் அது அப்பழுக்கற்றதன்று. 1272இல் ஆட்சிக்கு வந்த இங்கிலாந்தின் 'முதலாம்' எட்வர்டுக்கு முன்பே அந்நாட்டில் எட்வர்டுகள் ஆண்டிருக்கிறார்கள். நார்மானியர் வெற்றிக்கு முற்பட்டவர்கள் என்பதால் கணக்கில் சேரவில்லை. போப்பாண்டவர் வரிசையில் இருபதாம் ஜான் என்று ஒருவரே இல்லை. எண்ணியவர்களின் குழப்பத்தால் பத்தொன்பதாமவருக்கு அடுத்து இருபத்தொன்றாமவர் வந்துவிட்டார். சுவீடனின் ஒன்பதாம் சார்லஸ் தன் எண்ணைக் கற்பனை அரசர்கள் நிறைந்த ஒரு சரித்திர நூலிலிருந்து பெற்றான். 1952இல் இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறியபோது, தங்கள் நாட்டில் முதலாம் எலிசபெத் ஆண்டதே இல்லை என்று ஸ்காட்லாந்தினர் சினந்தனர்; 1953இல் எடின்பரோவில் அவ்வெண் பொறித்த அஞ்சல் பெட்டி ஒன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. யாரிடமிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் எப்போதும் ஓர் அரசியல் இருக்கிறது.

இதனால் எண்களைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. மூன்று இராஜராஜர்களைப் பாடநூலில் வேறெப்படிப் பிரிப்பது? எண் ஒரு வசதி. அதை அக்காலத்து வழக்கென்று மயங்காதிருந்தால் போதும்.

பட்டம் பெருத்த காலம்

ஒரு பட்டம் மக்களின் வாழ்வில் எவ்வளவு தூரம் இறங்கியிருந்தது என்பதற்கு ஒரு சிறு செய்தி. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் நெல் அளக்கும் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். அது 'இராஜகேசரி' என்னும் மரக்காலுக்கு ஒப்பானதென்று குறிக்கப்படுகிறது. அரசனின் முகத்தை ஒருநாளும் கண்டிராத உழவன் அவன் பட்டத்தால் தன் நெல்லை அளந்தான். அருமொழிதேவ வளநாடு, நித்தவினோத வளநாடு, கேரளாந்தக வளநாடு என்று முதலாம் இராஜராஜனின் பெயர்களும் பட்டங்களும் நிலப்பிரிவுகளாயின. அவன் வென்ற ஈழம் மும்முடிச்சோழ மண்டலம் ஆயிற்று.

முதலாம் குலோத்துங்கன் காலம் தொட்டுத் 'திரிபுவனச் சக்கரவர்த்தி' என்ற பட்டம் வழக்கில் வந்தது. மூவுலகுக்கும் பேரரசன் என்று பொருள். 1216இல் ஆட்சிக்கு வந்த மூன்றாம் இராஜராஜனும் திரிபுவனச் சக்கரவர்த்திதான், முறைப்படி இராஜகேசரியும்கூட. அவனைத்தான் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். ஹொய்சள நரசிம்மனின் படைகள் வந்து மீட்டன. சிறையிலிருந்து மீண்ட பிறகும் கல்வெட்டுகளில் அவன் பட்டம் ஒரு சொல்லும் குறையவில்லை. ஆட்சியாண்டு எண் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. பட்டத்தை மட்டும் படித்து ஓர் அரசனின் வலிமையை மதிப்பிடுவோர் நினைவில் வைக்க வேண்டிய செய்தி இது.

அவனுக்குப் பின் மூன்றாம் இராஜேந்திரன் பரகேசரியாக அமர்ந்தான். 1279க்குப் பின் அவனைப் பற்றிய குறிப்பு இல்லை. அவன் எங்கே துஞ்சினான் என்பதைச் சொல்லும் 'துஞ்சின தேவர்' என்ற பெயர் எந்தக் கல்வெட்டிலும் கிடைக்கவில்லை. அப்படியொரு பெயரிட்டு நினைவுகூர அடுத்த இராஜகேசரி வரவேயில்லை.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பழங்கோயிலுக்குச் செல்லும்போது கருவறையின் வெளிச்சுவரையும் அதிட்டானத்தையும் சற்றே நின்று பாருங்கள். முழுக் கல்வெட்டையும் படிக்க வராவிட்டாலும், தொடக்கத்தில் 'கோப்பர' என்றோ 'கோவிராஜ' என்றோ இருக்கும் எழுத்துகளைக் கண்டுபிடிக்கச் சில நாள் பயிற்சி போதும். அதற்கு முன் 'கொண்ட' என்று முடியும் சொல் ஏதேனும் உண்டா என்று பாருங்கள். திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சுக்கும் வண்ணப்பூச்சுக்கும் அச்சுவர் ஆளாகும் முன் அவ்வரியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதிட்டானத்தில் சிதையும் அந்த இரண்டு சொற்களில்தான் அக்கோயிலின் நூறு ஆண்டுகள் இருக்கின்றன.